பத்து நாள் கணக்கு

"காசு குடுத்துக் காவலுக்குப் படுக்குற காலம் வந்துருச்சா?" என்றார் அப்பா.

கூரியரில் வந்த டென்ட்டை வாசலில் பிரித்துப் போட்டு, எந்தக் குழாயை எதற்குள் நுழைப்பது என்று நானும் என் மனைவியும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். நான்கு பேர் படுக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. பெரியவளும் சின்னவனும் அதற்குள் பாதித் துணிக்குள் புகுந்து உருண்டுகொண்டிருந்தார்கள். கூடவே பூரி. பூரி எங்கள் நாய்க்குட்டி. பால் குடித்தால் வயிறு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிவிடும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர்.

எனக்கு விவரம் தெரிந்து டென்ட் என்றால் சினிமாக் கொட்டாய்தான். அதை ஒரு குடும்பம் விலை கொடுத்து வாங்கி, நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வெளியில் படுக்கும் என்பது அப்பாவுக்கு விளங்காததில் ஆச்சரியமில்லை. எட்டு வயது மகளுக்கோ அது ஒரு வருடக் கனவு. யாரோ ஒரு குடும்பம் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, நாயோடு சுற்றி உட்கார்ந்திருக்கும் வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பாளோ தெரியாது. "நம்மகிட்டதான் மலையும் இருக்கு, நாயும் இருக்கே" என்பது அவள் வாதம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊர் வேப்பந்தட்டை. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே எப்போதும் பச்சைமலை தெரிந்துகொண்டே இருக்கும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், இந்த மூன்றுதான் எங்கள் பக்கத்து வெள்ளாமை. பருத்திக்கென்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே எங்கள் ஊரில் உண்டு. சுற்றிப் பார்க்க என்று யாரும் வருவதில்லை. கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடியில் அணை கட்டிய பிறகு, தண்ணீர் கிடக்கிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே ராத்தங்க முடியாது. மலைமேல் தங்குவதென்றால் வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். கடைசியில் எங்கள் சொந்தக் காட்டிலேயே படுப்பது என்று முடிவானது. வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர்.

"அங்கதான் நான் பாதி ஆயுசு படுத்திருக்கேன்" என்றார் அப்பா. "அப்ப எவனும் வீடியோ புடிக்கல."

அவர் சொன்னதில் மிகை இல்லை. வெங்காயம் எடுத்தால் பட்டறை போட்டு விலைக்காகக் காத்திருக்க வேண்டும். விலை ஏற ஏறப் பட்டறைக்குக் காவலும் ஏறும். மக்காச்சோளம் பால் பிடித்துவிட்டால் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் இறங்கினால் போதும், தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம். இப்போது பழைய புடவைகளை வேலியாகச் சுற்றிக் கட்டுகிறோம். அப்போது தகர டப்பாவும், ஆளும், நாயும்தான். ராத்திரி கயித்துக்கட்டிலில் படுத்து இரண்டு மணிக்கொருதரம் எழுந்து டப்பாவைத் தட்டுவது அப்பாவின் வேலை. அவருக்குத் துணை கருப்பன். கருப்பனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். வெட்டவெளியில் தரையில் படுக்கக் கூடாது, பூச்சி பொட்டு வரும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், களத்தின் சிமென்ட் தளத்தில் டென்ட் போடுவதாக ஏற்பாடு. டென்ட்டோடு வந்த முளைகள் மண்ணில் அடிப்பதற்கானவை. சிமென்டில் இறங்குமா? நான்கு மூலைக்கும் நான்கு கல்லைத் தேடிக் கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அப்பா உதவிக்கு வரவில்லை. தன் கட்டிலைப் பத்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்து, நான் கல் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காவலுக்கு வந்தேன்" என்றார்.

பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். எங்கள் காட்டில் பிந்தி விதைத்த மக்காச்சோளம் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. கருது ஒடித்துத் தணலில் சுட்டோம். சின்னவன் மூக்கெல்லாம் கரி. மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் பல் கிட்டியது. அம்மா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரை இருவருக்கும் மாட்டிவிட்டாள் என் மனைவி. அந்த நேரத்தில் பெரியவள் பத்து நிமிடம் போல மோட்டார் கொட்டாய்ப் பக்கம் பூரியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவள் சத்தமில்லாமல் நெருப்போரம் உட்கார்ந்துகொண்டாள். குளிர் என்று நினைத்தேன்.

டென்ட்டுக்குள் படுத்ததும் கதை கேட்டார்கள். பேய்க்கதை வேண்டாம், நிஜக் கதை வேண்டும் என்றாள் பெரியவள். இந்த மாதிரி நேரத்துக்கென்று நான் வைத்திருக்கும் கதை ஒன்றுதான்: தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

1988-இல் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகவில்லை, திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தோம். வீட்டில் கறி எடுத்திருந்தார்கள். கருப்பன் கடித்துக்கொண்டிருந்த எலும்பை நான் விளையாட்டாகப் பிடித்து இழுத்தேன். அது என் தொடையில் ஒரு கவ்வு கவ்விவிட்டு, தானே பயந்து போய் மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்துகொண்டது. டவுசர் மறைக்கிற இடம். நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நொண்டி நடந்ததைப் பார்த்து என் அப்பாயி டவுசரைத் தூக்கிப் பார்த்தது. கத்திக்கொண்டே சுண்ணாம்பை எடுத்து அப்பியது. அன்றே அப்பா என்னைப் பேருந்தில் ஏற்றினார். அதற்குப் பிறகு பதினாலு நாள், தினம் ஒன்று. நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றும்போதே எனக்கு வயிறு உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிடித்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கும். மறுநாள் வீங்காத இடமாகத் தேடி அடுத்தது.

இதை நான் எப்போதும் சிரிக்க சிரிக்கத்தான் சொல்வேன். நர்ஸ் மாதிரி விரலை நீட்டிக்கொண்டு சின்னவன் வயிற்றைத் தொட்டால் அவன் கத்துவான். அன்றும் கத்தினான். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பறம் கருப்பன் என்னாச்சுப்பா?"

"ஓடிப் போயிருச்சு."

"எங்க?"

"மலைக்கு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வெளியே அப்பா எழுந்து டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது. பன்றி வந்ததா, பழக்கதோஷமா தெரியவில்லை.

விடிந்தபோது டென்ட்டின் உள்பக்கமெல்லாம் நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. சின்னவன் வெறும் பனியனோடு ஓடிக்கொண்டிருந்தான். பெரியவள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"வேர்க்குது பாரு, கழட்டுடி" என்றாள் அவள் அம்மா.

"குளுருது."

"இந்த வெயில்லயா?"

"எனக்குக் குளுருது!"

இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்கிற விஷயமில்லை அது. மூன்று நாள் டவுசரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு திரிந்தவனுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கையை மெல்ல எடுத்து ஸ்வெட்டரைச் சுருட்டினேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு பல் இறங்கிய தடம். ரத்தம் வந்து காய்ந்து கம்பளி நூல் ஒட்டியிருந்தது.

"எப்ப?"

"நேத்து. கருது கடிச்சுட்டு இருந்துச்சு. புடுங்குனேன்."

"ஏண்டா கண்ணு சொல்லல?"

அவள் என்னைப் பார்க்காமல் பூரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொன்னா மலைக்கு அனுப்பிருவீங்கல்ல."

பூரிக்கு மூன்று மாதம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பொங்கல் கழியட்டும் என்று தள்ளி வைத்திருந்தது நான்தான்.

மோட்டார் தொட்டிக் குழாயடியில் அவளை உட்காரவைத்தேன். அப்பா துணி சோப்பை எடுத்து வந்தார். கூடவே பழக்கத்தில் சுண்ணாம்பு டப்பாவையும். "அது வேணாம்பா, தண்ணியும் சோப்பும் மட்டும் போதும்" என்றேன். சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ மஞ்சளோ காயத்தில் வைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வைரஸ் நரம்பைப் பிடிப்பதற்கு முன் காயத்திலேயே அதைக் குறைக்கிற வழி அது. 15 நிமிடம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். அப்பா கைபேசியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஆறு நிமிசம், இன்னும் அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அறிகுறி வருவதற்கு முன் ஊசி போட்டால் ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடலாம். நடுவில் இருப்பது சில வாரங்கள், சில மாதங்கள். அந்த இடைவெளியில் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள்தான் நாயோடு விளையாடுகிறார்கள். பிள்ளைகள்தான் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் காயத்தைப் பார்த்தார். ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும் என்றார். தடுப்பூசி உடம்பைப் பழக்கி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாளாகும். அதுவரை காவலுக்கு நிற்பது இந்த மருந்து. காயத்துக்குள்ளேயே இறக்க வேண்டும். அவள் போட்ட கத்தலில் வராந்தாவில் நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னும் வயித்துலதான் போடுறாங்களா?"

இல்லை. இரண்டு கையிலும் தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்குள், கொசு கடித்த மாதிரி. இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். எனக்குப் போட்டது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. இமாச்சலத்தில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. அளவு அதிகம் என்பதால் அதற்கு இடம் வேண்டும், வயிறுதான் இடம். அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்தே நரம்பைப் பாதித்து முடக்கிவிடுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்லிப் பல ஆண்டுகள் கழித்து, 2004 இறுதியில்தான் இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது. ஆனாலும் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1885-இல் பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஊசி போட்ட சிறுவன் யோசேப் மீஸ்டருக்கும் ஒன்பது வயதுதான். அவனுக்கும் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து வயிற்றில்தான் போட்டார்கள். அவனுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

மருத்துவர் கடைசியாகக் கேட்டார்: "நாய் எங்க இருக்கு?"

"வீட்லதான்."

"நல்லது. எங்கயும் விட்றாதீங்க. பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க. நல்லா சாப்பிட்டு நல்லா இருந்தா, கடிச்ச அன்னைக்கு அதோட எச்சில்ல கிருமி இல்லன்னு அர்த்தம். ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க."

பெரியவள் விசும்பலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பூரியை எங்கேயும் விடக் கூடாது என்று ஒரு மருத்துவர் சொல்கிறார்.

இனி கருப்பன்.

எனக்கு இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று வேப்பமரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. அவிழ்த்துக்கொண்டு மலைக்கு ஓடிவிட்டது என்றார் அப்பா. சித்தப்பாவின் மண்வெட்டியில் ஈர மண் அப்பியிருந்தது. காட்டுக் கரையில் பனைமரத்துக்குக் கீழே புதிதாக மண் கிளறியிருந்தது. நான் எதையும் கேட்கவில்லை. யாரும் எனக்கு விளக்கவும் இல்லை. கருப்பனுக்கு வெறி இருந்ததா என்றால், எலும்பைப் பிடுங்கினால் எந்த நாயும் செய்வதைத்தான் அது செய்தது. கடித்தது தெரிந்ததால் அது செத்தது. தெரிந்தது என்னால். ஒன்பது வயதில் நான் போட்ட கணக்கு இதுதான்: சொன்னால் யாராவது சாவார்கள்.

அந்தக் கணக்கு வெகுகாலம் என்னோடு இருந்தது. கல்லூரியில் ஒரு பருவத் தேர்வு எழுதாமல் விட்டதை எட்டு மாதம் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். என் மனைவி இன்றும் சொல்வாள், "உங்க வாயிலேர்ந்து ஒரு விசயத்தை வாங்குறதுக்குள்ள வெங்காயம் முளைச்சிரும்" என்று. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் நாய் இல்லை. பூரியைக் கூட நான் வாங்கி வரவில்லை. பக்கத்துக் காட்டுப் பட்டறைக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டு, அதில் ஒன்றைப் பிள்ளைகள் தூக்கி வந்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இதையெல்லாம் ஒரு வேடிக்கைக் கதையாக்கி, மலைக்கு ஓடிவிட்டது என்கிற அப்பாவின் அதே வார்த்தையை வைத்து முடித்து, கையில் கடியோடு படுத்திருந்த மகளுக்கே சொல்லியிருக்கிறேன். ஒரு ராத்திரி முழுக்க அவள் அந்த ஸ்வெட்டருக்குள் கையை ஒளித்துக்கொண்டு படுத்திருந்ததற்குக் காரணம் நாய் அல்ல.

ஏழாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு பைக்கில் திரும்பும்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். முன்னால் பார்த்துக்கொண்டு பேசுவது எளிதாக இருந்தது. சங்கிலி, மண்வெட்டி, பனைமரம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள்.

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தாத்தாகிட்ட யாரும் பத்து நாள்னு சொல்லலையா?"

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவுக்கு அன்று என் வயதுகூட ஆகவில்லை. வெள்ளாமை நேரத்தில் தினமும் ஒரு நேரப் பிழைப்பை விட்டுவிட்டு, பதினாலு நாள் என்னைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய் வந்தவர் அவர். அவரிடம் நான் கருப்பனைப் பற்றிக் கேட்டதில்லை. அவரும் பேசியதில்லை.

ஆனால் அந்தப் பத்து நாளும் பூரிக்குச் சோறு வைத்தது அப்பாதான். வேறு யாரையும் கிட்ட விடவில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் தீனி எடுக்காது, இருட்டில் போய்ப் படுக்கும், எச்சில் வடியும் என்று தானே கேட்டுத் தெரிந்துகொண்டு, காலையும் மாலையும் அதன் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பார்ப்பார். திண்ணையில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும். காலையில் அதைக் கிழிப்பது எப்போதும் அவர் வேலைதான். கிழித்த தாளைக் கசக்கி எறிகிறவர், இப்போது அதை மடித்துப் பூரியின் சங்கிலி மாட்டியிருந்த ஆணியில் குத்தி வைத்தார். தினம் ஒன்று.

கடைசித் தாளைக் கிழித்த காலையில் பேத்தியைக் கூப்பிட்டார். ஆணியிலிருந்து தாள்களை உருவி அவள் கையில் கொடுத்தார்.

"எண்ணு."

எண்ணினாள். பத்து.

"சரியா எண்ணுனியா?"

மறுபடி எண்ணினாள். பத்து. அப்பா குனிந்து சங்கிலியை அவிழ்த்தார். பூரி அவர் மேல் ஏறி விழுந்து வேட்டியில் மண்ணைப் பூசிவிட்டு வாசலுக்கு ஓடியது. அவர் கொஞ்ச நேரம் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார். அன்று மத்தியானமே கால்நடை மருந்தகத்துக்குப் பூரியைத் தூக்கிப்போய் ஊசி போட்டேன்.

டென்ட் இப்போது பரணில் இருக்கிறது. முழுப்பரீட்சை லீவுக்கு மறுபடி போக வேண்டும் என்று உத்தரவு. இந்த முறை மண்தரையில் முளை அடித்துப் போடலாம் என்று அப்பாவே இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

இருபத்தெட்டாம் நாள் ஊசியும் முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பெரியவள் என் பக்கம் உருண்டு வந்தாள்.

"ப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு."

டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்துவிட்டாளாம். இந்த வருடத்தில் அது மூன்றாவது மூடி. கத்தாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.